உறைபனிக் காலத்தில் நீலகிரியில் பகல் முழுவதும் வெளியில் இருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை உதகமண்டலத்துக்கு வருபவர்கள் இரண்டு வகையாக ஏமாறுகிறார்கள். ஒரு சாரார் குளிருக்குப் பயந்து பத்து மணி வரை போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டு, பிறகு காரை விட்டு இறங்காமல் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். மறு சாரார் விடியும் முன்பே உற்சாகமாகக் கிளம்பி, ஏழரை மணிக்கெல்லாம் நனைந்த காலும் நடுங்கும் உடம்புமாக அறைக்கு ஓடிவந்து, அன்றைய நாளை அத்துடன் முடித்துக்கொள்கிறார்கள்.

இரு சாராரையும் தோற்கடிப்பது குளிர் என்று சொல்ல முடியாது. இந்த மலையில் பனிக்காலத்துப் பகல் 18 முதல் 20 டிகிரி வரை போகும், வானம் தெளிந்திருக்கும், நடப்பதற்கு ஆண்டிலேயே சிறந்த காலம் இதுதான். ஈரமும், காற்றும், வேலைகளை முன்பின்னாகச் செய்வதும்தான் நாளைக் கெடுக்கின்றன. ஆகவே இங்கே சொல்லப்படுபவற்றை அதே வரிசையில் செய்வது நல்லது.

"இங்கே பனி கொட்டுமா?" என்று வந்து இறங்கியதும் பலர் கேட்கும் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். காஷ்மீரிலும் கனடாவிலும் போல வானிலிருந்து பனி கொட்டி முழங்கால் அளவுக்குக் குவிவது நீலகிரியில் இல்லை. இங்கே காண்பது புல்லின்மேலும் இலையின்மேலும் காற்றின் ஈரமே படிகமாக உறையும் உறைபனி. அது கீழேயிருந்து வளர்கிறது. வெயில் பட்டதும் போய்விடுகிறது. அதனால் அதைப் பார்ப்பதற்கு இடமும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

1. எந்த நாள் என்பதைத் தீர்மானியுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் உறைபனி நிலைபெறும். நவம்பரில் பெரும்பாலும் நீர்ப்பனியோடு நின்றுவிடும். டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரி முழுவதும் நம்பகமான காலம். பிப்ரவரியிலும் உண்டு, ஆனால் பகல் வெயில் ஏறத் தொடங்கிவிடும்.

காலத்தைவிட அந்தந்த இரவின் வானம் முக்கியமானது. பகலில் தரை வாங்கிய வெப்பம் இரவில் வானத்தை நோக்கி வெளியேறுகிறது. மேகம் இருந்தால் அந்த வெப்பத்தின் ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்பிவிடும். காற்று வீசினால் மேலடுக்கின் சற்று வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். இரண்டும் இல்லாத இரவில் மட்டுமே தரை முழுமையாகக் குளிரும்.

ஆகவே இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரங்கள் துலக்கமாகத் தெரிந்து, மர இலை அசையாமல் இருந்தால் மறுநாள் காலை உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். மேகமோ காற்றோ இருந்தால் அலாரத்தை நிறுத்திவிட்டு நன்றாகத் தூங்குங்கள். ஐந்தாவது பகுதிவரை செய்துவிட்டு நேராக எட்டாவதுக்குப் போய்விடலாம்.

கைப்பேசியில் காட்டும் குறைந்தபட்ச வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரி என்று இருந்தால் பனி உறையாது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த அளவு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக் காற்றுக்கு உரியது. அதே நேரத்தில் புல்லின் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

2. மலையேறும் முன் முடிக்க வேண்டியவை

வெளியூர் வாகனத்துக்கு இ-பாஸ் பதிவு செய்துகொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை வந்தது. சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, சிக்னல் கிடைக்காத கைப்பேசியில் பதிவு செய்ய முயல்பவர்களின் வரிசையை விடுமுறை நாட்களில் பார்க்கலாம்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இந்த மாவட்டத்தில் தடை இருப்பதால் தண்ணீர் பாட்டில்களைக் கட்டாக வாங்கிவர முடியாது. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலும், குடும்பத்துக்கு ஒரு லிட்டர் பிளாஸ்க்கும் கொண்டுவாருங்கள். பிளாஸ்க் ஆடம்பரமன்று, இந்த வழிகாட்டியில் பாதி அதை நம்பித்தான் இருக்கிறது.

காட்டுக்குள் நடக்க விரும்பினால் வனத்துறையின் அனுமதி தேவை. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. உதகையின் கெய்ர்ன்ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை ஆகியவை அவற்றில் எளியவை. கோடை நெருங்கித் தீ அபாயம் கூடும்போது பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் பிப்ரவரியில் வருபவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மருந்தையும் இன்ஹேலரையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் மருந்து விடிகாலை மைதானத்தில் உதவாது.

3. உடுப்பு: ஒரு தடித்த ஜெர்கினைவிட மூன்று மெல்லிய அடுக்குகள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் முதன்மையானது. சமவெளியில் கடையில் இருப்பதிலேயே தடித்த ஜெர்கினாகப் பார்த்து வாங்கி, அதற்குள் வெறும் பருத்தி பனியனோடு வந்துவிடுகிறார்கள். நிற்கும்போது அது போதவில்லை. ஏற்றத்தில் நடக்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது. வியர்வையில் ஊறிய பனியன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு நின்றதும் நடுக்கம் பிடிக்கிறது.

உடம்பைச் சூடாக வைத்திருப்பது துணியின் தடிமனைவிட அதன் இடையே அகப்பட்டு நிற்கும் காற்றுதான். அடுக்குகளுக்கு நடுவிலும் காற்று நிற்பதால், மூன்று மெல்லிய உடுப்புகள் ஒரு தடித்த உடுப்பின் வேலையைச் செய்துவிடும்; தேவைப்படும்போது ஒன்றை மட்டும் கழற்றவும் முடியும்.

உள்ளே தோலோடு ஒட்டுவது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாத தெர்மல் உடுப்பாகவோ, விளையாட்டு வீரர்கள் போடும் பாலியஸ்டர் சட்டையாகவோ இருக்கட்டும். நடுவில் கம்பளி ஸ்வெட்டர். வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜெர்கின், மழைக்கோட்டுகூடப் போதும். பருத்தி மதியத்துக்கு நல்லது. விடிகாலைக்கு உதவாது, ஏனென்றால் அது ஈரத்தை விடாது.

ஜீன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனி படிந்த புல்லில் பத்தடி நடந்தால் அதன் கீழ் ஓரம் நனைகிறது, ஈரம் மெல்ல முழங்கால்வரை ஏறுகிறது, பிற்பகல்வரை காய்வதில்லை. மெல்லிய டிராக் பேண்டும் அதற்குள் ஒரு லெகின்ஸும் இதைவிட எவ்வளவோ மேல். சேலை கட்டுபவர்கள் உள்ளே லெகின்ஸ் அணிந்து, கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டால் விளிம்பு நனையாது.

தலைக்கு மங்கி குல்லா. பார்க்க அழகாக இல்லை என்று இளைஞர்கள் மறுப்பார்கள். காது வலி வந்த பிறகு அப்பாவின் குல்லாவைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கழுத்தில் மஃப்ளர் கட்டிக்கொண்டால், ஜெர்கினுக்குள் தேங்கிய வெப்பம் கழுத்து வழியாக வெளியேறுவது நின்றுவிடும். கையுறையைக் கழற்றாமலேயே படம் எடுக்க வசதியாக, ஆட்காட்டி விரல் நுனியில் தொடுதிரைத் துணி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

எதையாவது மறந்துவிட்டு வந்திருந்தால் உதகை தாவரவியல் பூங்காவை ஒட்டியுள்ள திபெத்தியர் கடைகளில் குல்லா, ஸ்வெட்டர், கையுறை எல்லாம் கிடைக்கும். மாலையில் கூட்டமாக இருக்கும் என்பதால் வந்த நாளின் மதியமே வாங்கிவிடுங்கள்.

4. கால்: நாளின் வெற்றி தோல்வி இங்கேதான்

கான்வாஸ் ஷூவும் செருப்பும் விடிகாலைக்கு ஒத்துவராது. மேல்பகுதி தண்ணீரை உள்ளே விடாததாகவும், அடியில் ஆழமான வெட்டுகள் உள்ளதாகவும் ஒரு ஷூ வேண்டும். நனைந்த புல், பாசி பிடித்த கல், நிழல் விழும் சிமெண்ட் படிக்கட்டு ஆகிய மூன்றில்தான் இங்கே ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள்.

சாக்ஸ் இரண்டு போட வேண்டுமானால் ஷூ அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு, ஒன்று போட்டதைவிட அதிகமாகக் கால் சில்லிட்டுப்போகும். விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிகிறதா என்று அறையிலேயே நடந்து பாருங்கள்.

மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடியைத் துணிப்பையில் சுற்றி ஜெர்கின் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த உடனே வண்டியில் உட்கார்ந்து மாற்றிவிட்டால் பாதி நாள் மிச்சமாகும்; அறைக்குப் போய் மாற்றலாம் என்று ஒத்திப்போடுபவர்கள் மறுபடி வெளியே வருவதில்லை.

குளிர்ந்த பாதத்தைக் கொதிக்கும் நீரிலோ ஹீட்டர் முன்னாலோ நேராக வைக்க வேண்டாம். சில்லிட்ட தோலைத் திடீரெனச் சூடாக்கினால், விரல்கள் சிவந்து வீங்கி அரிப்பெடுக்கும். சிலருக்கு அது பல நாட்கள் நீடிக்கும். துடைத்து உலர்த்தி, கம்பளிச் சாக்ஸ் போட்டு, தானாகவே சூடேற விடுங்கள்.

5. முந்தைய இரவே செய்து வைக்க வேண்டியவை

காலை ஐந்தரை மணிக்கு, விரல் மரத்த நிலையில் எதையும் தேடக் கூடாது. உடுப்புகளைப் போடும் வரிசையிலேயே நாற்காலியில் அடுக்கி வையுங்கள். ஷூவை வாசலில் விடாமல் அறைக்குள் வையுங்கள். டார்ச், பிளாஸ்க், மாற்றுச் சாக்ஸ், உட்கார ஒரு ரப்பர் விரிப்பு அல்லது பழைய செய்தித்தாள், உதட்டுக்கு வாசலின் ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிவிடும். அதாவது இங்கே பனிக்காலம் முழுவதும் புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். வாய் அகன்ற புட்டியில் ஊற்றிக் கொண்டுவந்தால் விரலால் வழித்தெடுக்கலாம். இரவே கைகால்களில் தடவிக்கொண்டால் காலையில் தோல் வெடிக்காது.

கைப்பேசியை இரவே முழுமையாகச் சார்ஜ் செய்துவிட்டுக் காலையில் உட்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரியின் திறன் குறைந்து, 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுவது வழக்கம்.

அடுத்து வருவது நாளைக் கெடுப்பதோடு நிற்காத விஷயம். அறைக்குள் கரி அடுப்போ, விறகு நெருப்பைச் சட்டியில் அள்ளி வைத்ததோ எக்காரணத்தாலும் கூடாது. கதவு சன்னலைச் சாத்திய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. தூங்குபவர் விழிப்பதற்குள் உயிரைப் பறித்துவிடும். மலைப்பகுதிகளில் குளிர்காலந்தோறும் இப்படிச் சாவுகள் நேர்கின்றன. புகை இல்லாத கரிதானே என்பது காரணமாகாது, ஏனெனில் புகையோடு இந்த வாயுவுக்குச் சம்பந்தமில்லை. கணப்பு இருக்கும் பழைய பங்களா என்றால் புகைபோக்கி அடைபட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, தூங்கும் முன் நெருப்பு முழுமையாக அணைந்ததா என்று பாருங்கள். சூடு போதவில்லை என்றால் இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுவும் சூடாக்காது. அது தோலுக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்புவதால் சூடேறியதுபோன்ற உணர்வு மட்டும் வரும். உண்மையில் உடம்பு உள்வெப்பத்தை வேகமாக இழக்கும்.

6. விடிகாலை: இடம், நேரம், நிற்கும் முறை

உயரமான இடத்தில்தான் உறைபனி அதிகம் என்று நினைத்து 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை நோக்கி வண்டியைத் திருப்புபவர்கள் பலர். காற்றில்லாத தெளிந்த இரவில் நடப்பது வேறு. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் மெல்ல இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால் சிகரத்தைவிட, நாற்புறமும் மேடு சூழ்ந்த தாழ்வான புல்வெளிதான் வெள்ளையாக உறைந்து கிடக்கும். நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் பள்ளத்துப் புல்வெளிகளுக்குள் சோலை மரங்கள் எளிதில் இறங்கி வளராததற்கும் இந்தப் பனி ஒரு காரணம், இளங்கன்றுகள் கருகிவிடுகின்றன.

உதகையில் காந்தல், குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டிய பகுதி, கூடலூர் சாலையில் தலைகுந்தா, அதற்கருகில் காமராஜ் சாகர் அணையை ஒட்டிய புல்வெளிகள் ஆகியவை பெயர்பெற்ற இடங்கள். அவலாஞ்சியில் இன்னும் கடுமையாக உறையும், ஆனால் அங்கே வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. பழனி மலையில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய தாழ்வான பகுதிகளுக்கும் இதே கணக்குத்தான்.

ஜனவரியில் சூரியன் 6.45 மணியளவில் உதிக்கிறது. ஆனால் மலை மறைப்பதால் பள்ளங்களுக்கு வெயில் வந்து சேர மேலும் நேரமாகும். நாளிலேயே மிகக் குளிர்ந்த வேளை உதயத்தை ஒட்டியது. ஆகவே 6.20 மணிக்கு இடத்தில் இருந்தால் போதும். ஐந்து மணிக்கே போய் நின்றால் இருட்டில் எதுவும் தெரியாது. பார்க்க வேண்டிய நேரம் வருவதற்குள் உடம்பு களைத்துவிடும்.

கிளம்பும் முன் வெறும் வயிற்றோடு போகாமல் இரண்டு வாழைப்பழமோ ரொட்டியோ சாப்பிடுங்கள். உடம்பு சூட்டை உண்டாக்க எரிபொருள் வேண்டும். குளியலைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு மைதானத்துக்கு வருவது ஆசாரமாக இருக்கலாம், பனிக்காலத்துக்கு ஏற்றதன்று.

பிளாஸ்க்கில் டீ ஊற்றும் முன் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். இல்லையென்றால் குளிர்ந்த உட்சுவரே டீயின் சூட்டைக் குடித்துவிடும். உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், டீத்தூளைச் சமவெளியில் விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கவிட்டால்தான் சாரம் இறங்கும்.

புல்வெளிக்குள் இறங்காமல் ஓரத்திலேயே நில்லுங்கள். உறைந்த புல்லை மிதித்தால் அதன் செல்கள் நொறுங்கி, சில நாட்களில் காலடித் தடம் பழுப்பாகத் தெரியும். தேயிலை, காய்கறித் தோட்டங்களுக்குள் நுழைவதும் அப்படியே. பனியில் கருகிய தேயிலையால் பல வாரங்கள் பறிப்பு போய்விடும். காய்ந்த பெரணியையும் புல்லையும் செடிமேல் போர்த்திக் காத்துவரும் விவசாயியின் வரப்பு படம் எடுக்கும் மேடையன்று.

நிற்பதற்குப் பதில் குனிந்து பாருங்கள். புல் இதழின் நடுவில் பனி குறைவாகவும், விளிம்பில் ரம்பப் பல் போலக் கூர்கூராகவும் படிந்திருக்கும். மெல்லிய ஓரம்தான் முதலில் வெப்பத்தை இழக்கிறது என்பதே காரணம். வேலிக் கம்பியிலும், சிலந்தி வலையிலும், நிறுத்தியிருக்கும் காரின் கூரையிலும் பாருங்கள். வாசலில் வைத்த வாளித் தண்ணீரின்மேல் மெல்லிய ஏடு கட்டியிருந்தால், விரல் நுனியால் தட்டும்போது கண்ணாடிச் சில்லாக உடையும்.

வெயில் வந்த பிறகு உடனே கிளம்பிவிடுபவர்கள் சிறந்த கால் மணி நேரத்தைத் தவறவிடுகிறார்கள். வெயிலின் கோடு மைதானத்தில் நகர நகர வெள்ளை பச்சையாகிக்கொண்டே வரும். ஒரு மரத்தின் நிழல் விழுந்த இடம் மட்டும் கிளை, தண்டு எல்லாம் அச்சாக வெள்ளையாகவே நிற்கும். பக்கத்தில் நீர்நிலை இருந்தால் அதன்மேல் ஆவி எழும். ஆனால் எட்டரைக்குள் பெரும்பாலான இடங்களில் எல்லாம் நீராகிவிடும்.

அசையாமல் நிற்கும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பத்து நிமிடம் பார்த்தால் ஐந்து நிமிடம் சாலையில் நடங்கள். கைவிரல் மரத்தால் கக்கத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் சேரும்.

7. திரும்பி வந்ததும்

முதலில் நனைந்ததைக் கழற்றுங்கள், பிறகு சாப்பிடுங்கள், அதன் பிறகு குளியுங்கள். இந்த வரிசை மாறினால் ஈரத்தோடு உணவகத்தில் ஒரு மணி நேரம் உட்கார நேரும்.

கேமராவைக் குளிரிலிருந்து சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் கண்ணாடியில் ஈரம் படிந்து உள்ளேயும் போகலாம். வெளியிலேயே பையில் போட்டு இறுக மூடி, அறைக்குள் ஒரு மணி நேரம் திறக்காமல் வைத்திருங்கள்.

காலை உணவைக் குறைக்க வேண்டாம். இட்லி, பொங்கல், பூரி எதுவானாலும் சூடாகவும் வயிறு நிறையவும் இருக்கட்டும். பகல் நடையில் கொறிக்க வேர்க்கடலை மிட்டாயும், மொறுமொறுப்பான ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கியைத் துணிப்பையின் மேலாக வைக்காவிட்டால் தூளைத்தான் தின்ன வேண்டியிருக்கும்.

8. பத்து முதல் மூன்றரை வரை: நடை

இதுவே நாளின் மையம், விடிகாலை அதற்கு முன்னுரை மட்டுமே என்பது என் கருத்து. சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் ஏறியவர்கள் முதல் நாளில் மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதும் இலேசான தலைவலியும் இயல்பு.

கிளம்பும்போது சற்றே குளிர்வதாக உணர வேண்டும். அறையிலேயே கதகதப்பாக இருந்தால் உடுப்பு அதிகம் என்று பொருள். முதல் பத்து நிமிட நடைக்குப் பிறகு நின்று, வியர்க்கும் முன்பே ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். வியர்த்த பின் கழற்றுவதில் பயனில்லை. உட்கார்ந்ததும், குளிர் தெரியும்வரை காத்திராமல் உடனே போட்டுக்கொள்ளுங்கள்.

உதகையில் மேகமும் காற்றுமாக இருந்தால் குன்னூருக்கு இறங்கிவிடலாம். அது ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வு. இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். ஆனால் டிசம்பர் முதல் பாதியில் கிழக்குச் சரிவான குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின் மிச்ச மேகம் வந்து மூடிக்கொள்வதும், உதகையில் வெயில் அடிப்பதும் உண்டு. கிளம்பும் முன் அங்கிருக்கும் யாரையாவது கேட்டுவிடுங்கள். மலை ரயிலில் டிக்கெட் கிடைத்தால் உதகையிலிருந்து லவ்டேல், கேத்தி வழியாகக் குன்னூர்வரை போய், அங்கே சிம்ஸ் பூங்காவைச் சுற்றி நடப்பது வயதானவர்களுக்கும் ஒத்துவரும் திட்டம்.

குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியப்படுத்த வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. காற்று குளிர்ந்திருப்பதால் தோல் காய்வது தெரியாது. மாலையில்தான் மூக்கும் கன்னமும் எரியும். சன்ஸ்கிரீனும் விளிம்புள்ள தொப்பியும் மதியத்துக்கு உரியவை. மங்கி குல்லாவை அப்போது பையில் போடுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். இந்தக் காலத்துக் காற்று வறண்டது. மூச்சு வழியாகவே உடம்பு நீரை இழக்கிறது. ஆனால் தாகம் எடுக்காது. மணிக்கு ஒருமுறையாவது குடியுங்கள். பிற்பகல் தலைவலிக்கு உயரத்தைவிடப் பல நேரம் இதுதான் காரணம்.

தேயிலைத் தோட்டப் பாதைகளில் காட்டெருமை மேய்வது இங்கே அன்றாடக் காட்சி. சாதுவாகத் தெரிந்தாலும் நெருங்கக் கூடாது. கன்றோடு நிற்கும் பசுவுக்கும், அது ஒதுங்கிப்போகக் கூடிய வழிக்கும் நடுவில் நீங்கள் நிற்கவே கூடாது. பாதையை மறித்தால் வந்த வழியே திரும்பி, அது போகும்வரை காத்திருங்கள். கல்லெறிவதும் கத்துவதும் ஃபிளாஷ் போடுவதும் வேண்டாம். கரடியும் சிறுத்தையும் பெரும்பாலும் அந்தி, இருட்டு, விடியலில் நடமாடுபவை. தோட்டத்து நடையைப் பகலில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பனியில் காய்ந்த புல் சிறு பொறிக்கும் பற்றிக்கொள்ளும். நடைபாதையில் அடுப்பு மூட்டுவது, சிகரெட் துண்டை எறிவது இரண்டும் குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதவை.

9. குழந்தைகளும் முதியவர்களும்

தோளில் சுமக்கப்படும் குழந்தை அசைவதில்லை. சுமப்பவருக்கு வியர்க்கும்போது அதற்குக் குளிரும். கையைத் தொட்டுப் பார்ப்பது போதாது, கை எப்போதும் சில்லென்றே இருக்கும். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே குளிர்ந்திருந்தால் உடனே உடுப்பைக் கூட்டுங்கள். கைக்குழந்தைக்கு உறைபனிக் காட்சியால் ஒரு பயனும் இல்லை, அதை அறையில் ஒருவரோடு விட்டுவிடுங்கள்.

தாத்தா பாட்டியைப் பத்தரை மணி வெயிலில் கூட்டிவாருங்கள். கல் இருக்கையில் நேராக உட்கார வைக்காமல் ரப்பர் விரிப்பையோ நான்காக மடித்த செய்தித்தாளையோ போடுங்கள். கல் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

10. மாலை: எப்போது நிறுத்துவது

ஜனவரியில் சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்றுப் பின்னால்தான். ஆனால் பள்ளத்தாக்குகளில் நான்கரைக்கே நிழல் விழுந்துவிடும். விழுந்த சில நிமிடங்களில் வெப்பம் சடாரென்று இறங்கும். கடிகாரத்தைவிட நிழலைக் கவனியுங்கள். எதிர்ச்சரிவில் நிழல் பாதி ஏறும்போது திரும்பும் வழியில் இருக்க வேண்டும்.

ஷூவை ஹீட்டர்மேல் வைத்துக் காய வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் தாளை மாற்றினால் காலைக்குள் உலர்ந்துவிடும். சூடான பஜ்ஜி, வேகவைத்த கடலை, இஞ்சி டீ எல்லாம் இந்த வேளைக்கு உரியவை. டிசம்பர், ஜனவரியில் பறிக்கும் தேயிலைக்கு மணம் அதிகம். கொழுந்து மெதுவாக வளர்வதே காரணம். கடையில் ஃப்ராஸ்ட் டீ என்று கேட்டு வாங்கி, பால் சேர்க்காமல் ஒருமுறை குடித்துப் பாருங்கள்.

11. குளிர் மிஞ்சிவிட்டால்

நடுக்கம் உடம்பின் முதல் எச்சரிக்கை. பேச்சுக் குழறுவது, கால் தடுமாறுவது, பொத்தான் போட முடியாமல் போவது ஆகியவை அடுத்த கட்டம். ஈரத்தோடு இருப்பவருக்கு நடுக்கம் தானாக நின்று, உறக்கம் வருவதாகச் சொன்னால் அது தேறியதற்கு அடையாளமன்று. ஆபத்து கூடிவிட்டது என்று பொருள்.

காற்றுப் படாத இடத்துக்கு அழைத்துப்போய், ஈர உடுப்பை நீக்கி, உலர்ந்த கம்பளியால் தலை உட்படப் போர்த்துங்கள். தெளிவாகப் பேசி, விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். குழறல் இருந்தால் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

12. வண்டியும் இறக்கமும்

காலையில் முன்கண்ணாடி வெள்ளையாக உறைந்திருக்கும். அதன்மேல் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். வைப்பரைப் போட்டால் ரப்பர் கிழியும். முந்தைய இரவே கண்ணாடிமேல் ஒரு கோணிப்பையோ அட்டையோ போட்டு வைப்பரில் செருகிவிட்டால் இந்த வேலையே இல்லை. மறந்துவிட்டால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெல்லச் சுரண்டி எடுங்கள். முழுக் கண்ணாடியும் தெளியாமல், கைக்குட்டை அளவு துடைத்துக்கொண்டு ஓட்டுபவர்களைச் சாலையில் பார்க்கலாம்; எதிர்வெயில் பட்டதும் அவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை.

ஊர் திரும்பும் நாளில் கல்லட்டி வழியாக இறங்கத் திட்டமிட வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துச் சாலையில் வெளியூர் வாகனங்கள் ஏறலாம், இறங்க அனுமதியில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கும்போது ஏறுவதற்குப் போட்ட இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பர்லியாறு வந்ததும் ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறும் நேரத்தில் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொள்ளலாம். அங்கே அது வேண்டியிருக்காது.